பெண்டாட்டிமார் அறை

தவமணி குடித்தாள் என்று இன்றைக்கு நான் எங்கள் வட்டாரத்தில் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். அவள் புருஷன் தங்கராஜு குடித்தார், பிறகு சத்தியம் செய்து விட்டுவிட்டார் என்று சொன்னால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். அந்த மனிதர் தன் ஆயுசில் ஒரு சொட்டு தொட்டதில்லை. கல்யாண வீட்டில் ஆம்பளைகள் ஒவ்வொருவராகக் கூடாரத்துக்குப் பின்பக்கம் நழுவும்போது, ஆரஞ்சுத் தண்ணீர்க் கிளாசை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அவர்தான். நான் சொல்லப்போகிற கூட்டத்தில் பெயர்களை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் இந்த இரண்டு பெயரும், பின்னால் வருகிற மற்றவர்கள் பெயரும் நான் வைத்தவை.

என் பெயரை மறைக்க அவசியமில்லை. நான் வள்ளியம்மா, பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு கட்டி விற்றவள். என் புருஷன் சின்னையா லாரி ஓட்டினார். அவர் குடித்தது பினாங்குத் தீவு முழுக்கத் தெரியும், அதில் ரகசியம் ஒன்றும் மிச்சமில்லை. தெருவில் விழுவார், நான்கு பேர் தூக்கி வருவார்கள், நான் வாசலில் நின்று எல்லாரையும் திட்டுவேன், தூக்கி வந்தவர்களையும் சேர்த்து. அப்படியிருந்த என்னை ஒரு நர்ஸ்தான் அந்தக் கூட்டத்துக்கு அனுப்பினாள்.

தீவையும் அக்கரையையும் சேர்க்கிற பாலம் இன்னும் திறக்காத சமயம் அது. மெக்காலிஸ்டர் சாலைக்குப் பின்புறத்தில் ஒரு பழைய தேவாலயக் கூடம். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே இரண்டு கூட்டம் நடக்கும். தாழ்வாரத்துக்கு வலது பக்கம் பெரிய அறை, அது குடியை விட நினைப்பவர்களுக்கு. இடது பக்கம் சின்ன அறை, அது அவர்களைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற எங்களுக்கு. பெயர்ப் பலகை என்னவோ குடும்பத்தார் கூட்டம் என்றுதான் சொல்லும். நான் அதைப் பெண்டாட்டிமார் அறை என்பேன். சின்னையா ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நான் மட்டும் வாரம் தவறாமல் போய் அவரைப் பற்றிப் புலம்பிவிட்டு, மேரி பிஸ்கட்டும் தேத்தண்ணீரும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவேன். அந்த அறையை நடத்தியவள் நோர்மா என்ற யூரேசியப் பெண், வெள்ளைக்காரக் கலப்பு. ஆங்கிலத்தில் ஆரம்பிப்பாள், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மலாய்க்கு மாறுவாள். தமிழச்சி நான் ஒருத்திதான்.

அப்படி ஒரு சனிக்கிழமை தவமணி உள்ளே வந்தாள். இஸ்திரி போட்ட நூல் சேலை, நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி. கையில் பர்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். நான் பக்கத்து நாற்காலியைத் தட்டி, "வாங்க, உக்காருங்க. இங்க எல்லாருக்கும் ஒரே தலையெழுத்துதான்லா," என்றேன். அவள் உட்கார்ந்தாள். நோர்மா அவளைக் கட்டிப்பிடித்து, கணவர் எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்று மலாயில் கேட்டாள். தவமணி தரையைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப நாளா," என்றாள்.

அவள் எப்படி அந்த அறைக்கு வந்தாள் என்பதை எனக்குப் பிற்பாடுதான் சொன்னாள். வாசலில் ஒரு சீனக் கிழவர் நிற்பார், அங்கிள் லிம் என்போம். அவரே ஒரு காலத்தில் மொடாக் குடியராக இருந்து, குடியை விட்டவர். குங்குமமும் தாலியுமாக வந்தவளைப் பார்த்ததும் அவர் வேறென்ன நினைப்பார்? அவள் வாயைத் திறக்கும் முன்பே, மிகுந்த இரக்கத்தோடு, இடது பக்கம் கையைக் காட்டினார். அதற்கு முன் இரண்டொரு வாரம் வந்து வாசலைப் பார்த்துவிட்டே திரும்பிப் போனவள் அவள். கடைசியில் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு படியேறியவளுக்கு, "அந்த அறை இல்லை, இந்த அறை" என்று சொல்வதற்கு மிச்சத் தைரியம் இல்லாமல் போய்விட்டது.

பிள்ளை பெற்ற வீட்டில் பிராந்தி வாங்கி வைப்பது இங்கே வழக்கம். பத்தியச் சாப்பாடு, மஞ்சள் குளியல், படுக்கப் போகும்போது ஒரு சின்னக் கிளாஸ் பிராந்தி. உடம்புக்குச் சூடு, காற்று ஏறாது என்பார்கள். மாமியார் தன் கையால் ஊற்றிக் கொடுக்கிற அந்த நாட்களில் அதன் பெயர் மருந்து. நானும் குடித்தேன், கசப்பு தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு. தவமணிக்கு அந்த மருந்து பிடித்துப்போயிற்று. பத்தியம் முடிந்து பாட்டிலில் மிச்சமிருந்ததை யாரும் கேட்கவில்லை, அவளே முடித்தாள். பிறகு வருஷக்கணக்கில் ஒன்றுமில்லை. மகள் வளர்ந்து கோலாலம்பூருக்குப் படிக்கப் போனாள். தங்கராஜு துறைமுகத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை முடிந்ததும் நேராகக் கோயிலுக்குப் போய்விடுவார், அவர்தான் செயலாளர். தவமணி பாயான் லெப்பாசில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் வீட்டில் பேச ஆளில்லை. ஒரு நாள் மறுபடி அந்த மருந்து ஞாபகம் வந்திருக்கிறது.

சீனன் மருந்துக் கடையில்தான் பிராந்தி வாங்குவாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, யார் வீட்டில் குழந்தை என்று கேட்பார். இவள் கூசாமல், நாத்தனார் வீட்டில் என்பாள், எதிர்வீட்டில் என்பாள், ஃபேக்டரிச் சிநேகிதிக்கு என்பாள். அந்த வருஷம் எங்கள் வட்டாரத்தில் பிறக்காத பிள்ளைகள் ஏகப்பட்டவை பிறந்தன. அவர் பிள்ளைக்கென்று சிவப்புத் தாளில் மிட்டாய் கூடச் சுற்றிக் கொடுப்பாராம். இதை என்னிடம் சொன்னபோது அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்த மிட்டாய்களை என்ன செய்தாய் என்று கேட்டேன். வீட்டுக்குப் போய் அதையும் தனியாக உட்கார்ந்து தின்றேன் என்றாள்.

ஃபேக்டரியில் அவளுக்கு மைக்ராஸ்கோப்பில் சாமான்களைப் பார்த்துச் சோதிக்கிற வேலை. காலையில் கை நடுங்க ஆரம்பித்தது. சூப்பர்வைசர் பெண் கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். அன்றைக்குக் கேன்டீன் மேசையில் கிடந்த ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் பார்த்தாள். குடி உங்களை விடாமல் பிடித்திருக்கிறதா என்று கேட்டு, கீழே ஒரு போன் நம்பர். அந்தக் கேள்வி ஆம்பளைக்கு என்றோ பொம்பளைக்கு என்றோ போட்டிருக்கவில்லை. பொதுத் தொலைபேசியில் காசு போட்டுக் கூப்பிட்டு, இடத்தையும் நேரத்தையும் மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

எங்கள் அறையில் ஒவ்வொருத்தியாகப் பேச வேண்டும். தவமணியின் முறை வரும்போது அவள், "அவர்" என்று ஆரம்பிப்பாள். அவர் பாட்டிலை அரிசித் தொட்டிக்குள் புதைத்து வைக்கிறார், அரிசிக்குள் இருந்தால் சத்தம் வராது என்பாள். முதல் மடக்கு உள்ளே போனதும் அவருக்கு வீட்டில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பாள். பாதி பாட்டிலுக்குக் கீழே இறங்கினதும் அந்த ஆள் எழுந்து போய்விடுகிற மாதிரி இருக்கும், அப்போது இன்னும் மோசமாகத் தனியாக இருக்கும் என்பாள். நோர்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கு மட்டும் உள்ளே என்னவோ உறுத்தும். சின்னையாவோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், குடித்தால் அந்த மனுஷனுக்கு உள்ளே எப்படியிருக்கும் என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நாங்கள் சொல்வதெல்லாம் அடித்தான், உடைத்தான், வாந்தியெடுத்தான். இவள் ஒரு தடவைகூட அவர் தன்னை என்ன செய்தார் என்று சொன்னதில்லை.

அந்தக் கூடத்துக்கு எதிர்வரிசையில் பழனியப்பன் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். தங்கராஜுவின் கோயிலுக்கு அவர்தான் தலைவர். எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் மூக்கை நுழைக்கிற ஆள். சனிக்கிழமைதோறும் செயலாளரின் மனைவி அந்தக் கூடத்துக்குள் போய் இடது பக்கம் திரும்புவதைப் பார்த்தார். இடது பக்க அறை யாருக்கு என்பதும் அவருக்குத் தெரியும். கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? அந்தக் கணக்கு ஊருக்குப் பரவ அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆயிற்று.

பாவம் தங்கராஜு, அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் அவர் முகத்துக்கு நெருங்கி வந்து மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். வெற்றிலை போட்டால், வாசனையை மறைக்கத்தான் என்றார்கள். போடாவிட்டால், இன்றைக்கு நிதானமாக இருக்கிறார் என்றார்கள். திருவிழாவில் அவருக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தை இந்த வருஷம் வேறொருவருக்குக் கட்டலாம் என்று பேச்சு எழுந்தபோதுதான் யாரோ ஒரு நல்லவர் அவரிடம் காரணத்தைச் சொன்னார். அவர் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "சனிக்கிழமைல நீ எங்க போற?" என்று கேட்டார்.

தவமணி அரிசித் தொட்டிக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "சரி. ஊரு என்னயத்தானே சொல்லுது. சொல்லிட்டுப் போவட்டும்," என்றார்.

"நான் உண்மைய சொல்லிடுறேங்க. இந்தப் பொய்யச் சொல்லிக்கிட்டே என்னால விட முடியல."

"பைத்தியமா நீ? ஆம்பள குடிச்சான்னா நாளைக்கே மறந்துருவாங்க. பொம்பள குடிச்சான்னா நம்ம புள்ளைக்கு யாரு வருவா? பேசாம இரு."

அந்த மனிதரைத் திட்ட எனக்கு ஆசைதான். ஆனால் தன் மானத்தைப் பெண்டாட்டிக்காகக் கொடுக்கிற புருஷன் எத்தனை பேர்? அது பெரிய மனசுதான். அந்தப் பெரிய மனசுக்கு அடியில் தவமணி மூச்சுமுட்டிக் கிடந்தாள். வேறொருத்தன் பெயரில் வியாதியைச் சொல்லிக்கொண்டிருந்தால் மருந்து யாருக்குப் போய்ச் சேரும்? அந்த வாரம் அவள் முன்னெப்போதையும்விட அதிகமாகக் குடித்தாள். குளியலறையில் விழுந்து நெற்றி வீங்கியது. தங்கராஜுதான் மனைவியை அடித்துவிட்டார் என்று அதற்கும் ஊர் ஒரு கதை கட்டியது.

இதற்கு மேல் தாங்காது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, கோயில் மண்டபத்தில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. தவமணி கூப்பிட்டிருந்ததால் நானும் அன்றைக்குப் போய், இன்னும் சில பெண்களோடு ஓரமாக உட்கார்ந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தவமணி நேராக நடுவில் போய் நின்றாள். நெற்றி வீக்கம் பச்சை நிறமாக மாறியிருந்தது.

"தலைவரே, அவரு குடிக்கிறதில்ல. நான்தான் குடிக்கிறேன்," என்றாள்.

என் கத்தி நின்றுவிட்டது. இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்தது சட்டென்று விளங்கிற்று. பழனியப்பன் மெதுவாகச் சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா எல்லாரும்? புருஷன் மானம் போவக்கூடாதுன்னு பழிய தன் தலைல ஏத்துக்குது பாருங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொம்பள!"

"இல்லண்ணே, சத்தியமா நான்தான். நீங்க அவரையே கேளுங்க," என்று தவமணி புருஷன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க, என்னங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. சொல்லுங்க."

தங்கராஜு எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை. ஐயரிடம் சூடம் கேட்டு வாங்கிச் சன்னதிக்கு முன்னால் தரையில் வைத்து ஏற்றினார். இனிமேல் குடியைக் கையால் தொட மாட்டேன், இது சத்தியம் என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

அதைவிடச் சுலபமான சத்தியம் உலகத்தில் உண்டா? அதுவரை எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தால் போதும். ஆனால் மண்டபமே உருகிவிட்டது. பழனியப்பன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். பரிவட்டம் உங்களுக்குத்தான் என்றார். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தவமணி அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அப்படித் தனியாக ஓர் ஆள் கூட்டத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

அவள் வெளியே கால் கழுவுகிற குழாயடிக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

"யாரும் நம்பலக்கா," என்றாள்.

"நான் நம்புறேன்."

"நீங்க நம்பி என்ன செய்யிறதுக்கா? உங்களுக்குக் குடிக்கிறவங்கள கண்டாலே ஆவாது."

உண்மைதான். எனக்கு அந்த நிமிஷம் அவள்மேல் கோபம்தான் வந்தது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னையா பண்ணுகிற அதே காரியத்தைப் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறாளே என்று வந்த கோபம். அதை அவள் என் முகத்தில் பார்த்துவிட்டாள். நான் பேச்சை மாற்ற, வா, காய் நறுக்கலாம் என்று கூப்பிட்டேன். அவள் வரவில்லை. பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துபோனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். எங்கள் அறைக் கதவு திறந்திருந்தது, தாழ்வாரம் நன்றாகத் தெரியும். அங்கிள் லிம் வழக்கம்போல இடது பக்கம் கையைக் காட்டினார். நோர்மா இவளுக்கென்று தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தவமணி நகரவில்லை.

"புக்கான் டியா," என்றாள். "சாயா."

அவர் இல்லை, நான். மலாயில் மூன்றே வார்த்தையில் அடங்கிவிட்டது. அங்கிள் லிம் அவள் முகத்தைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை, சிரிக்கவில்லை, நீ எவ்வளவு நல்லவள் என்று சொல்லவுமில்லை. நீட்டியிருந்த கையை மடக்கி வலது பக்கம் காட்டினார். அவளுக்கு முன்னால் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அறையில் பெரும்பாலும் சீனர்கள், இரண்டொரு வெள்ளைக்காரர்கள், தோட்டத்து மேனேஜராக இருந்த ஒரு மலையாளி. எல்லாரும் ஆம்பளைகள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது. தட்டுத்தடுமாறிய ஆங்கிலம். தன் பெயரைச் சொன்னாள், தான் யார் என்று சொன்னாள். அந்த ஆம்பளைகள் எல்லாரும் ஒன்றாக, ஹலோ தவமணி என்றார்கள். அவ்வளவுதான், அடுத்து ஒருவர் பேச ஆரம்பித்தார். கோயிலே சேர்ந்து நம்பாததை அந்த முன்பின் தெரியாதவர்கள் ஒரே மூச்சில் நம்பிவிட்டார்கள். நோர்மா ஊற்றிய தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று, நானே எடுத்துக் குடித்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

உடனே விட்டுவிட்டாள் என்று சொன்னால் பொய். விழுந்தாள், மறுபடி போனாள், திரும்பவும் விழுந்தாள். பாலம் திறந்து ஊரெல்லாம் வேடிக்கை பார்க்கப் போன வருஷம்தான் அவளுக்கு நிலைத்தது. அதற்குப் பிறகு தொடவில்லை. வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. சனிக்கிழமை அவள் கிளம்பும்போது தங்கராஜு பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார். திரும்பி வரும்போது சோறு சூடாக மூடி வைத்திருக்கும், அவர் படுத்திருப்பார். குடியை விட்டு ஒரு வருஷம் நிறைந்ததற்குப் பெரிய அறையில் அவளுக்குக் கேக் வெட்டினார்கள். அதில் ஒரு துண்டைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். என்ன கேக் என்று அவர் கேட்கவில்லை, சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். மகள் கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. அந்தப் பிள்ளைக்கு அப்பாவைப் பற்றி ஊர் சொல்கிற கதைதான் தெரியும்.

சின்னையா ஈரல் கெட்டுச் செத்துப்போனார். நான் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, வாராவாரம் எங்காவது போகிற பழக்கதோஷத்தில் அந்தக் கோயிலுக்கே தவறாமல் போக ஆரம்பித்தேன். அங்கே தங்கராஜு பெரிய மனுஷராகிவிட்டார். குடியை விட்டவர் என்ற பெயர், குடிக்கவே குடிக்காதவர் என்ற பெயரைவிட மரியாதையானது போலிருக்கிறது. ஆடி மாதத்தில் ஒரு நாள் கமிட்டி அவரை மேடையேற்றி இளைஞர்களுக்குப் புத்தி சொல்லச் சொன்னது. அவர் வேண்டாம் வேண்டாம் என்றார், விடவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, மன உறுதி வேண்டும், குடும்பத்தை நினைக்க வேண்டும் என்று என்னவோ சொன்னார். பெண்கள் வரிசைப் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

தவமணி அந்த வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் புதிதாக எங்கள் வட்டாரத்துக்குக் குடிவந்த ஒரு சின்னப் பெண், இடுப்பில் பிள்ளையோடு. அந்தப் பெண் தவமணியின் கையைத் தொட்டு, "அக்கா, நீங்கதான் அவரத் திருத்துனீங்கன்னு சொன்னாங்க. ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்லக்கா?" என்று கேட்டாள்.

தவமணி மேடையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. கூட யாருமே இல்ல."